குன்றில் எழுதிய பெயர்

நவம்பர் பிறந்தால் போதும், எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் எனக்கு வைத்தியர் ஆகிவிடுவார்கள். தெற்கே பெர்கன் நகரத்தில் இருக்கும் என் தங்கை ஒரு விளக்கு அனுப்பினாள். காலையில் அதன் முன்னால் அரைமணி நேரம் உட்கார வேண்டுமாம். கடைக்காரி ஏதோ மஞ்சள் பூவைக் காயவைத்துத் தேநீர்ப் பொட்டலமாகக் கையில் திணித்தாள். பாதிரியார் கடலில் முங்கி எழச் சொன்னார். அவர் கணுக்கால் நனைந்துகூட யாரும் பார்த்ததில்லை. மீன் எண்ணெய் குடிக்கிறாயா என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை தினமும் ஒரு கரண்டி, ஐம்பத்தெட்டு வருஷமாகக் குடிக்கிறேன். அதற்கு மேல் குடிக்க வேண்டுமென்றால் நான் மீனாகத்தான் பிறந்திருக்க வேண்டும்.

என் பெயர் குன்வோர். நகராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். நவம்பர் இருபத்தேழாம் தேதி வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரைவிட்டுப் போகிற சூரியன், ஜனவரி இருபத்தொன்றாம் தேதிதான் மலைக்கு மேல் தலைகாட்டும். இடையில் நண்பகலை ஒட்டி இரண்டு மணிநேரம் நீல வெளிச்சம் உண்டு. மற்றவர்கள் ஜன்னலில் காகித நட்சத்திரம் தொங்கவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, காலுறை பின்னிக்கொண்டு அந்த நாட்களைக் கடந்துவிடுவார்கள். எனக்கோ நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடப்பது போலிருக்கும். ஜனவரியில் அந்தக் கம்பளி என்னைக் கட்டிலோடு அழுத்திவிடும். அழுகைகூட வராது, அதுதான் கொடுமை.

இந்த வருஷம் நவம்பர் நடுவில் ஸ்டைனார் என்னை லாரிக் கொட்டகைக்கு வரச் சொன்னான். அவன் நகராட்சியில் சாலைகளுக்குப் பொறுப்பானவன், என் மேலதிகாரி. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவன்.

"போன ஜனவரியில பதினோரு நாள் வரல நீ" என்றான்.

"ஒடம்பு சரியில்ல."

"வருஷா வருஷம் அதே மாசத்துலதான் சரியில்லாம போகுமா? முன்னெல்லாம் உன் புருஷன் ஆர்வித் இருந்தான், உன் வண்டியயும் சேத்து ஓட்டினான். இப்ப யாரு இருக்கா? இந்த தடவ நீ படுத்தா, உன் வடக்கு ரோட்ட டவுன் கான்ட்ராக்டர்கிட்ட குடுத்துடுவேன்."

"எனக்கு?"

"உன்ன வேலைய விட்டுத் தூக்க மாட்டேன். கல்லறைத் தோட்டத்துல புல்லு வெட்டு."

"செத்தவனுக்கு முடி வெட்டச் சொல்றியா?"

அவன் சிரிக்கவில்லை. "எல்லாம் நெனப்புதான் குன்வோர். நானும் என் பொண்டாட்டி தோரிலும் தினமும் காக்கைக் குன்று ஏறுறோம். எங்களுக்கு ஒண்ணும் வரலையே."

நெனப்பாம்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த லாரி எனக்கு வெறும் வேலை இல்லை. காலை நாலு மணிக்கு ஊர் தூங்கும்போது நான் முதல் ஆளாகப் பாதை திறந்துவிட்ட பிறகுதான் பள்ளிக்கூட பஸ் போகும், மீன் ஏற்றும் வண்டி போகும், பிரசவ வலி எடுத்தவள் ஆஸ்பத்திரி போவாள். அது இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

"நானும் ஏறுறேன்டா" என்றேன். "சூரியன் போற நாள்லேந்து திரும்பி வர்ற நாள் வரைக்கும், ஒரு நாள் விடாம. ஒரே ஒரு நாள் என் பேரு குன்று மேல இருக்கற புத்தகத்துல இல்லன்னா சாவிய எடுத்துக்கோ."

என் வாய்தான் எனக்கு முதல் எதிரி.

காக்கைக் குன்று ஊருக்குப் பின்னால் இருக்கிறது, ஏற முக்கால் மணிநேரம் ஆகும். உச்சியில் ஒரு தபால் பெட்டி நட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும், நூலில் கட்டிய பென்சிலும் இருக்கும். ஏறியவர்கள் தேதி போட்டுப் பெயரை எழுதுவார்கள். குடும்பத்தில் ஒருவர் ஏறினால் வீட்டிலிருக்கும் மற்றவர்கள் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவது எங்கள் வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. யாரையாவது கொஞ்ச நாளாகப் பார்க்கவில்லையென்றால் கடையில் கேட்பார்கள், "புத்தகத்துல பேரு இருக்கா?" என்று. இருந்தால் ஆள் நலம். விஷயம் அத்தோடு முடிந்தது.

ஏறுவதற்கு முன் டாக்டர் ஹெட்டாவைப் பார்க்கப் போனேன். ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, தெற்கத்திக்காரி. ஆனால் அதிகம் பேசமாட்டாள், அதனால் எனக்குப் பிடிக்கும்.

"குன்று நல்ல யோசனைதான்" என்றாள். "வெளிச்சம் இருக்கற அந்த ரெண்டு மணி நேரத்துலயே போங்க. வேலை இருந்தாலும் இல்லன்னாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திரிங்க. தங்கச்சி அனுப்பின விளக்கத் திட்டாம அது முன்னாடி காபி குடிங்க. மீனு சாப்பிடுங்க. ஒரு நாளைக்கு ஒரு மனுஷ முகமாவது பாருங்க."

"கடைக்காரி குடுத்த பூ?"

"வேண்டாம். நீங்க ரத்தக் கொதிப்பு மாத்திரை போடறீங்க, அந்தப் பூ மாத்திரைகளோட சண்டை போடும்." பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதெல்லாம் செஞ்சும் அமுக்குச்சுன்னா நேரா இங்க வாங்க. பேசறதுக்கு ஆள் இருக்கு, மருந்தும் இருக்கு. பந்தயத்துக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க."

பந்தயத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவேயில்லை. எங்கள் ஊர் அப்படிப்பட்டது.

ஏறினேன். காலையில் லாரியை நிறுத்திவிட்டு, பூட்ஸுக்கு அடியில் ஆணிப் பட்டையை மாட்டிக்கொண்டு, பதினொன்றரைக்குக் கிளம்புவேன். முதல் வாரம் ஒவ்வொரு அடிக்கும் ஸ்டைனாரைத் திட்டினேன். திட்டுவதற்கு மூச்சு வேண்டும், அதனால் மூச்சு நன்றாகவே வாங்கியது. இரண்டாவது வாரம் மத்தியானம் பசித்தது. டிசம்பரில் எனக்குப் பசித்தது எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். கம்பளி கம்பளியாகத்தான் இருந்தது, ஆனால் பிழிந்த கம்பளி.

மேலே பெரும்பாலும் ஸ்டைனாரின் மனைவி தோரில் எனக்கு முன்பே வந்திருப்பாள். பென்சிலை என்னிடம் நீட்டுவாள்.

"ஸ்டைனார் எங்க?" என்று கேட்டால், "பின்னால வர்றாரு" என்பாள். அவன் வருவதற்குள் எனக்குக் குளிரும், நான் இறங்கிவிடுவேன்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி மேலே யாருமில்லை, காற்றுமில்லை. சும்மா புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினேன். அது ஆறு வருஷத்துப் புத்தகம். ஐந்து குளிர்காலத்துக்கு முந்தைய ஜனவரியில் என் கண் நின்றது. "ஆர்வித், குன்வோர்." மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஆர்வித்தின் கையெழுத்து, என் பெயரை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தான்.

அந்த ஜனவரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினெட்டு நாள் நான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஆர்வித் இரண்டு வண்டியையும் ஓட்டிவிட்டு வந்து, எனக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, குன்று ஏறி என் பெயரையும் எழுதியிருக்கிறான்.

அவன் நல்லவன். இறந்து மூன்று வருஷமாகிறது, இன்னமும் அவன் பக்கத் தலையணையை நான் எடுக்கவில்லை. முதலில் அந்தப் பென்சில் எழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. அந்தப் பதினெட்டு நாளும் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த ஊரில் ஒருத்தருக்கும் என் மேல் அக்கறை இல்லை, செத்தால்கூடக் கதவைத் தட்டமாட்டார்கள் என்று நினைத்தேன். எப்படித் தட்டுவார்கள்? ஊருக்குத் தெரிந்த குன்வோர் தினமும் குன்றின் மேல் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தாளே!

"ஏன் ஆர்வித்?" என்று சத்தமாகவே கேட்டேன். அன்றைக்குப் பெயரை எழுதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி நான் எழவில்லை.

காரணம் எதுவும் கிடையாது. மூன்று மணிக்கு அலாரம் அடித்தது, கை நீட்டி அணைத்தேன், அந்தக் கை திரும்பிப் போர்வைக்குள் வந்துவிட்டது. போன் அடித்தது. வண்டி, சாவி, ஸ்டைனார், பந்தயம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் கவலை மாதிரி இருந்தது. போன் மறுபடி அடித்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள், பிறகு அது திறந்தது. ஐலிஃப் வந்தான். தெற்கு ரோட்டில் பனி தள்ளுவது அவன் வேலை. என்னைவிட நாலு வயது சின்னவன், பொண்டாட்டி விட்டுப் போனவன், வாய் அடங்காதவன். சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. கொஞ்ச நேரத்தில் வேகவைத்த காட் மீனும் ஈரலும் சினையும் மணத்தது. ஜனவரியில் அந்த மணத்துக்கு மசியாதவர்கள் எங்கள் கடற்கரையில் கிடையாது.

"ஏய் கிழவி, எழுந்து வா. தட்டைக் கட்டிலுக்குக் கொண்டுவர நான் என்ன ஓட்டல் சர்வரா?"

"போ ஐலிஃப்."

"போறேன். மீனு ஆறினா ஈரல் கசக்கும், அப்பறம் என்னத் திட்டாத."

எழுந்து போனேன். எப்படி என்று கேட்டால் தெரியாது. மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் என் மனசைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. துறைமுகத்தில் யாரோ படகைக் கரையில் இடித்த கதையைச் சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தான். போகும்போது மட்டும், "வடக்கு ரோட்டுலயும் பனி தள்ளியாச்சு" என்றான்.

மறுநாள் எழுந்து வண்டி எடுத்தேன். வேலை முடிந்து டாக்டர் ஹெட்டாவிடம் போய் நடந்ததைச் சொல்லி அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கினேன். அதற்குப் பிறகு குன்று ஏறினேன். புத்தகத்தில் ஒன்பதாம் தேதிக்கு நேராக, கோணல் மாணலான எழுத்தில் "குன்வோர்" என்று இருந்தது.

அன்று சாயங்காலமே கொட்டகையில் ஐலிஃப் மேல் பாய்ந்தேன்.

"யாருடா உன்ன எழுதச் சொன்னது?"

"தோரில் தினமும் பாத்துட்டுப் போய் ஸ்டைனார்கிட்ட சொல்றா. பேரு இல்லன்னா வண்டி போயிருக்கும். நீ நன்றி சொல்லணும்."

"பனி தள்ளினதுக்கு நன்றி. மீனுக்கு நன்றி. கதவத் தட்டினதுக்கு ஆயிரம் நன்றி. பேரு எழுதினதுக்கு உன் கைய ஒடிக்கணும்."

"ஒடி. அப்பறம் ரெண்டு ரோடும் நீயே ஓட்டு."

வீரமாகப் பேசினேனே தவிர, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அந்தப் பெயரை அடிக்கப் பென்சிலை எடுத்தேன், அடிக்கவில்லை. வண்டி மேல் ஆசை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு இறங்கினேன். ஆர்வித்தைக் கேட்ட கேள்வியை இப்போது என்னையே கேட்க வேண்டியிருந்தது.

ஜனவரி இருபத்தொன்று வந்தது. சூரியன் வரும் நாளில் ஊரே குன்றுக்கு மேல்தான். பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு வருவார்கள். ஜாம் வைத்துச் சர்க்கரையில் புரட்டிய சூரிய பன்னைக் கடைக்காரி கூடை கூடையாகக் கொண்டுவருவாள். அன்று மேகம் கொஞ்சம் இருந்தது. ஸ்டைனார் எல்லோருக்கும் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து வந்து சேர்ந்தான்.

மூச்சு திரும்பியதும் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தான். பேசுவதில் அவனுக்கு எப்போதும் ஆசை.

"எல்லாரும் கேளுங்க. நம்ம குன்வோர் இந்த வருஷம் ஒரு நாள்கூட விடாம ஏறியிருக்கா. போன வருஷம் படுத்துக் கிடந்தவ! மனசு வச்சா எதுவும் முடியும்னு காட்டிட்டா. இருட்டு இருட்டுன்னு வீட்டுக்குள்ள போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடக்கறவங்க இவளப் பாத்துக் கத்துக்கணும்."

கை தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் இளம் டீச்சர் இங்வில் நின்றுகொண்டிருந்தாள். டிசம்பர் முழுக்க அவளைக் கடையில் பார்க்கவில்லை. ஆனால் அவளோடு தங்கியிருக்கும் தோழி எழுதியதால் புத்தகத்தில் பெயர் இருந்தது. ஸ்டைனார் பேசப்பேச அவள் தலை தாழ்ந்துகொண்டே போனது. அந்தத் தலை எனக்குத் தெரியும். இருபது வருஷம் என் கழுத்து மேல் இருந்த தலை அது.

"கை தட்டறத நிறுத்துங்க" என்றேன்.

பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். ஒன்பதாம் தேதிப் பக்கத்தை விரித்து, கையுறையைக் கழற்றி, "குன்வோர்" என்ற பெயரைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் எழுதினேன், எழுதியதை உரக்கப் படித்தேன்:

"இன்னிக்கு நான் வரல. கட்டில்ல கிடந்தேன். குன்வோர்."

ஐலிஃப் வானத்தைப் பார்த்தான். ஸ்டைனாருக்கு வாய் திறந்தபடியே இருந்தது.

"நாப்பத்து மூணு நாள் ஏறி, நாப்பத்து நாலாவது நாள் விழுந்தேன். குன்று நல்லதுதான், மீனு நல்லதுதான், அந்தப் பாழாப்போன விளக்குகூட நல்லதுதான். ஆனா என்னக் கட்டில்லேந்து எழுப்பினது மனசு வச்சதும் இல்ல, குன்றும் இல்ல. ஒருத்தன் கதவத் தட்டினான். இங்க என் பேரு எழுதியிருந்த வருஷமெல்லாம் நான் வீட்டுல கிடந்தேன், உங்கள்ல ஒருத்தரும் தட்டல. தப்பு உங்க மேல இல்ல, இந்தப் பேரு மேல. இனிமே நான் வராத நாள்ல என் பேர யாரும் எழுதக் கூடாது. இல்லன்னா இல்ல. அப்ப வந்து தட்டுங்க."

பைக்குள்ளிருந்து லாரிச் சாவியை எடுத்துத் தபால் பெட்டியின் மேல் வைத்தேன்.

"பந்தயத்துல தோத்துட்டேன் ஸ்டைனார். வேணும்னா எடுத்துக்கோ. ஆனா எல்லாரும் பாக்க, உன் கையால எடு."

ஸ்டைனார் சாவியைப் பார்த்தான், எடுக்கவில்லை. அதற்குள் தோரில் முன்னால் வந்து என் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். நவம்பர் இருபத்தேழிலிருந்து ஆரம்பித்தாள். "தோரில், ஸ்டைனார்" என்று அவளே எழுதியிருந்த இடத்திலெல்லாம் இரண்டாவது பெயரை அடித்தாள். பக்கத்தைத் திருப்பினாள், அடித்தாள். மறுபடி திருப்பினாள். அவசரமில்லாமல், ஒரு நாளைக்கூட விடாமல் அடித்தாள். பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"தோரில், போதும்" என்றான் ஸ்டைனார், மெதுவாக.

"தினமும் மத்தியானம் ஆபீஸ் கதவச் சாத்திக்கிட்டு சோபாவுல படுத்துக்கறாரு" என்றாள் அவள், புத்தகத்தைப் பார்த்தபடியே. "ரெண்டு வருஷமா. நான் தனியா இந்தக் குன்று ஏறி ஏறி அலுத்துப் போச்சு."

திடீரென்று அந்தப் பக்கம் மஞ்சளானது. தோரிலின் விரல்களும், அடித்த கோடுகளும், பெட்டி மேலிருந்த சாவியும் மஞ்சளாயின. எல்லோரும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிமிர்ந்து பார்க்கவே நேரமாகிவிட்டது. கிரீடம் வைத்த பிள்ளைகள் கத்தும்போது சூரியன் பாதி மேகத்துக்குள் போய்விட்டது. ஐம்பத்தைந்து நாள் காத்திருந்து, வந்தபோது ஊரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

யாரோ சிரித்தார்கள். கடைக்காரி பன் கொடுக்க ஆரம்பித்தாள். தோரில் சாவியை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிவிட்டாள். ஸ்டைனார் ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இங்வில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் பாதி பன்னைப் பிய்த்து அவளிடம் கொடுத்தேன்.

மறுநாள் மேலே போனபோது புத்தகத்தில் "தோரில்" என்று மட்டும் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. டவுன் கான்ட்ராக்டரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வடக்கு ரோட்டை முடித்துவிட்டு, லாரியை ஸ்டைனார் வீட்டு முன்னால் நிறுத்தினேன். முன்விளக்கின் வெளிச்சம் அவன் படுக்கையறை ஜன்னலில் நேராக அடிக்கும்படி நிறுத்தினேன். முதல் நாள் வாங்கிய காட் மீன் ஒரு கையில் இருந்தது, ஈரலும் சினையும் தனியாக. மறு கையை முஷ்டியாக மடக்கி, கதவு அதிரத் தட்டினேன்.

"எழுந்திருடா ஸ்டைனார்! புத்தகத்துல உன் பேரு இல்ல!"